ஆரடிச்சு நீ அழுத? ஒரு தாலாட்டைத் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் தூளி கட்டிய வீடு எதுவானாலும் இந்தப் பாட்டின் ஒரு துண்டாவது காதில் விழும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதன் வடிவங்களைக் கேட்கக் கேட்க ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நான் இப்படிச் செய்வது தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிட்டேன்.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வாழப்பாடிப் பக்கம் பிறந்தவர். அவர் பாடியது இப்படி இருக்கும்:

ஆராரோ ஆரிரரோ – கண்ணே
ஆரிரரோ ஆராரோ
ஆரடிச்சு நீ அழுத – கண்ணே
அடிச்சாரைச் சொல்லி அழு
மாமன் அடிச்சானோ மல்லியப்பூச் செண்டாலே
அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே
அம்மாயி அடிச்சாளோ அமுதூட்டும் கையாலே
ஆரும் அடிக்கவில்லை ஐவிரலும் தீண்டவில்லை
தானா அழுறாண்டி தம்பி துணை வேணுமின்னு

இந்தப் பாட்டை எழுதியது யார்?

யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. ஏதோ ஒரு சித்தர் பெயரையோ கவிஞர் பெயரையோ ஒட்டி இது அடிக்கடி சுற்றுக்கு வரும். நம்பாதீர்கள். இவை இரண்டிரண்டு அடியாக வாயில் கிடக்கும் கண்ணிகள். குழந்தை தூங்கும்வரை ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போவார்கள், தூங்கிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டு எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வது குழந்தைதான். என் தம்பி லேசில் தூங்காதவன், அவனால் எங்கள் வீட்டில் பாட்டு நீண்டது.

சரி, அப்படியென்றால் ஒரிஜினல் வடிவம் எது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். முழுப்பாட்டுக்கு ஒரிஜினல் தேடினால் கடைசிவரை அலைய வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் தனியாக எடுத்து, அது எங்கே எப்படி மாறியது என்று பார்த்தால் நிறையக் கிடைக்கும்.

மாற்றத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மாமன் என்றால் மல்லிகை. அத்தை என்றால் அரளி, அல்லது அல்லி. பாட்டி என்றால் பாலூட்டும் கை. எல்லாம் மோனை. உறவுப் பெயரின் முதல் எழுத்துதான் அடிக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கிறது. பாட்டி என்று சொல்கிற வீட்டில் 'பாட்டி அடிச்சாளோ பாலூட்டும் கையாலே' என்று வரும். எங்கள் வீட்டில் பாட்டி என்ற சொல்லே கிடையாது, அம்மாயிதான். அம்மாயி வந்ததும் பால் நிற்க முடியாமல் அமுது வந்துவிட்டது. சித்தப்பனைச் சேர்க்க ஆசைப்பட்டால் செம்பருத்தி தானாக வந்து நிற்கும். மோனை தெரியாத, பள்ளிக்கூடமே போகாத பெண்கள் இதைத் தவறே இல்லாமல் செய்கிறார்கள்.

ஆகவே ஒரு வடிவம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது உறவுப் பெயரை. அம்மாயி என்றால் சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம். அம்மாச்சி என்றால் மதுரைப் பக்கம் போங்கள். ஆச்சி என்று வந்தால் திருநெல்வேலியைத் தேடலாம். பாட்டி, தாத்தா என்று பொதுவாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், அது புத்தகத்திலிருந்தோ கேசட்டிலிருந்தோ வந்திருக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. பாட்டி என்று இயல்பாகச் சொல்கிற வீடுகளும் சேலத்தில் நிறைய உண்டு.

அரளியா, அல்லியா? எது சரி?

இதற்காகவே இந்தப் பக்கத்தைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் எழுதி வைத்திருப்பதில் வீட்டுத் திண்ணையில் கேட்டவை பெரும்பாலும் அரளி. மேடையிலும் பதிவுகளிலும் கேட்டவை பெரும்பாலும் அல்லி. மோனைக்கு இரண்டும் பொருந்தும். அப்புறம் ஏன் இந்தப் பிரிவு?

பாடுவது யார் என்று பாருங்கள். தாய், அல்லது தாயைப் பெற்றவள். அத்தை என்பது குழந்தையின் அப்பாவோடு பிறந்தவள், பாடுகிறவளுக்கு நாத்தனார். மாமன் மனைவியையும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்றால் பாடுகிற தாய்க்கு அண்ணன் பெண்டாட்டி. எந்தப் பக்கம் எடுத்தாலும் உரசல் உள்ள உறவு. கூடப் பிறந்த மாமனுக்கு மணக்கும் மல்லிகையைக் கொடுத்துவிட்டு, அவளுக்கு வாசமும் இல்லாத, வாயில் வைக்கவும் முடியாத அரளியைக் கொடுக்கிறாள். குழந்தைக்கு ஒன்றும் புரியாது. பக்கத்து அறையில் இருக்கும் நாத்தனாருக்கு நன்றாகப் புரியும். தாலாட்டு பாதி குழந்தைக்கு, மீதி வீட்டுக்கு.

மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் போகும்போது இந்தக் குத்தல் சங்கடமாகிவிடுகிறது. குழந்தைப் பாட்டில் விஷச்செடி எதற்கு என்று யாரோ அல்லி ஆக்கியிருப்பார்கள். அரளி விதை என்றால் நம் ஊரில் வேறு நினைப்புதான் வரும், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அல்லி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குளத்தில் நிற்கிற அல்லியைச் செண்டு கட்டி யார் அடிப்பார்கள்?

இதற்குச் சேலத்துக்காரர்கள் மட்டும் சொல்லக்கூடிய இன்னொரு பதிலும் இருக்கிறது. பனமரத்துப்பட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே அரளி காட்டுச்செடி இல்லை, பயிர். மொட்டாகப் பறித்து மூட்டை கட்டி மார்க்கெட்டுக்குப் போகும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கும் குகை மாரியம்மனுக்கும் செவ்வரளி மாலைதான். அந்தப் பக்கத்து அம்மா ஒருவரிடம் 'அத்தைக்கு மட்டும் ஏன் அரளி?' என்று பெரிய கண்டுபிடிப்பு போலக் கேட்டேன். 'அரளிக்கு என்னங்க குறைச்சல்? அதை வித்துத்தான் என் பொண்ணைக் கட்டிக்கொடுத்தேன்' என்றார். நாத்தனார் விளக்கத்தை அன்று நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன். ஒரே வரி, இருபது கிலோமீட்டரில் வேறு பொருள்.

பாட்டுக்கு எத்தனை வயது?

தாலாட்டு என்ற வகைக்கு வயது அதிகம். பெரியாழ்வார் 'மாணிக்கம் கட்டி வயிரம் இடைகட்டி' என்று தொடங்கிக் கண்ணனுக்குத் தாலேலோ பாடுகிறார். குலசேகர ஆழ்வார் இராமனுக்கு 'இராகவனே தாலேலோ' என்கிறார். பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் என்று தனியாகவே உண்டு. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். இதை வைத்து நம் பாட்டுக்கு ஆயிரம் வருடம் என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. வகை பழையது என்பதால் இந்தக் கண்ணியும் பழையது ஆகிவிடாது.

எழுத்தில் தேடினால் நாட்டுப்பாடல் வருவதே ரொம்பத் தாமதம். சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்துச் சென்னையில் புத்தகமாக்கினார். அதில் பாட்டுகளை ஆங்கிலச் செய்யுளாக மாற்றிக் கொடுத்திருக்கிறார், அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழ் வரியை மீட்க முடியாது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேகரித்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்று 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964. இடையில் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள், பெரிய எழுத்துப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கொலைக் கதையைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்தும் அம்மன் தாலாட்டும்தான் வேண்டியிருந்தது. வீட்டுக் குழந்தைக்குப் பாடுவதை எவன் அச்சடிப்பான்?

எழுத்து கைவிட்டால் பாட்டுக்குள் இருக்கும் பொருள்களைப் பாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்தில். காப்பித் தோட்டம் வரும் வரி அதற்கு முன்பு பிறந்திருக்க முடியாது. சேலத்துக்கு ரயில் 1860களில் வந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-78, நம் மாவட்டம் மோசமாக அடிபட்ட பஞ்சம். மேட்டூர் அணை முடிந்தது 1934இல். இப்படி ஒரு ஏணி செய்து வைத்துக்கொண்டால் வரிகளை அதில் ஏற்றலாம். எங்கள் பாட்டில் பூவும் கையும் மட்டுமே வருகின்றன. பூ எல்லாக் காலத்திலும் பூக்கும், ஏணியில் ஏற மாட்டேன் என்கிறது.

ஒரு எச்சரிக்கை. மேட்டூர் அணை வரும் ஒரு வரியை வைத்து முழுப்பாட்டையும் 1934க்குப் பின்னே தள்ளிவிடாதீர்கள். பழைய பாட்டில் புது வரி சேர்வது தினமும் நடக்கிற காரியம்.

பழைய தொகுப்பில் 'சேலம் மாவட்டம்' என்று போட்டிருக்கிறது. அப்போது இது சேலத்துப் பாட்டுதானே?

எந்த வருடத்துச் சேலம் என்று முதலில் பாருங்கள். தருமபுரி 1965இல் பிரிந்தது. நாமக்கல் 1997இல் பிரிந்தது. கிருஷ்ணகிரி அதற்கும் பிறகு 2004இல் தருமபுரியிலிருந்து போனது. 1964இல் வந்த புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்றால் ஓசூர் எல்லையிலிருந்து காவிரிக் கரைப் பரமத்தி வரை எல்லாம் அடக்கம். அரூரும் சேலம்தான், பரமத்தியும் சேலம்தான். கன்னடம், தெலுங்கு கலந்து பேசுகிற ஓசூர்ப் பக்கத்துப் பாட்டும், கொங்குப் பேச்சுப் பரமத்திப் பாட்டும் ஒரே பெயரில் கிடக்கும்.

வானமாமலை தொகுப்பின் அருமை, பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருப்பது. வட்டார வழக்குச் சொல்லுக்குக் குறிப்பும் இருக்கும். பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற கு. சின்னப்ப பாரதி இந்தப் பக்கத்துப் பாட்டுகளைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர். மாவட்டப் பெயரைத் தாண்டி அந்த ஊர்ப் பெயரை எடுத்து இன்றைய வரைபடத்தில் குத்திப் பாருங்கள். நான் முதலில் இதைச் செய்யாமல் ஒரு வருடம் தப்பான ஊரில் அலைந்தேன்.

ஏற்காட்டு மலையிலும் பாடுகிறார்களா?

பாடுகிறார்கள், ஆனால் 'ஏற்காட்டுப் பாட்டு' என்று ஒரே பெயர் வைக்க முடியாது. மலையில் இரண்டு விதமான மக்கள் இருக்கிறார்கள். ஒரு பிரிவினர் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை, மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், ஒருவர் சேர்வராயன் மலை, ஒருவர் கொல்லிமலை, ஒருவர் பச்சைமலை என்று ஏறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மற்றவர்கள் காப்பித் தோட்ட வேலைக்குக் கீழேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் பாட்டில் தருமபுரியும் ஆத்தூரும் கேட்கும். மேலே ஏறிப் போய் முதலில் கண்ட பாட்டியிடம் மைக்கை நீட்டி, கிடைத்ததைப் பழங்குடிப் பாட்டு என்று பெயர் எழுதுவது பெரிய தப்பு. அந்தத் தப்பை நானும் ஒரு தடவை செய்தேன். அவர் பிறந்தது ஓமலூர்.

நாகலூர்ப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு வயதான அம்மா, மடியில் பேரனை வைத்துக்கொண்டு எனக்காகப் பாடினார். மாமன், அத்தை எல்லாம் முடிந்த பிறகு திடீரென்று,

கங்காணி அடிச்சானோ காப்பிச்செடிக் கொம்பாலே

என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கங்காணி என்றால் தோட்டத்தில் வேலை வாங்குகிற மேஸ்திரி. தோட்டத் தொழிலாளர் வடிவம் கிடைத்துவிட்டது என்று எழுதத் தொடங்கினேன். 'அட, இது இப்ப வாயில வந்தது சாமி. எழுதிக்காத' என்று சிரித்தார். எழுதிக்கொண்டேன். பக்கத்தில் தேதியும், 'என் முன்னால் கட்டியது' என்ற குறிப்பும் இருக்கிறது. கங்காணிக்குக் காப்பி என்று மோனை ஒரு விநாடிகூடப் பிசகவில்லை, அதைக் கவனியுங்கள்.

மெட்டு எங்கிருந்து வந்தது?

தூளி ஆடும் வேகத்திலிருந்து. ஒரு தள்ளுக்கு அரை அடி, திரும்பி வருவதற்குள் மீதி. மூன்று நான்கு சுரங்களுக்குள் முடிந்துவிடும். மேடையில் பாடுபவர்கள் நீலாம்பரியிலோ நவரோஜிலோ அமைத்துக்கொள்கிறார்கள். கேட்க இனிமை. ஆனால் 'இந்தப் பாட்டு நீலாம்பரி ராகம்' என்று எழுதுவது தலைகீழ் வேலை.

ஒப்பாரியும் இதே மெட்டில் இருக்கிறதே?

உங்கள் காது சரிதான். அடி அமைப்பும் இழுப்பும் நெருங்கிய சொந்தம். ஒன்று முதல் தூக்கத்துக்கு, மற்றது கடைசித் தூக்கத்துக்கு. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடச் சொல்லாதீர்கள், அடி விழும். அதுவும் அரளிச் செண்டால் இல்லை.

சினிமாவில் வந்த பிறகுதானே இது பரவியது? சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததே, அந்த வழியாகப் போயிருக்குமோ?

டி.ஆர். சுந்தரம் 1935இல் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய ஸ்டுடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. கேட் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த வழியாக நம் பாட்டு உலகம் சுற்றியது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தாலாட்டு சென்னையிலும் மதுரையிலும் நெல்லையிலும் வீட்டுக்கு வீடு இருந்தது. பரவ ஸ்டுடியோ தேவைப்படவில்லை, கல்யாணமே போதும்.

சினிமாவும் இசைத்தட்டும் செய்தது வேறு வேலை, பாட்டை வெட்டியது. 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். குழந்தை தூங்கும்வரை ஓடுகிற பாட்டை மூன்று நிமிடத்துக்கு அடக்க வேண்டும் என்றால் பல்லவி, சரணம் என்று பிரித்தே ஆக வேண்டும். 'ஆராரோ ஆரிரரோ' பல்லவி ஆனது. மாமன், அத்தை சரணம் ஆனார்கள். 'தம்பி துணை வேணுமின்னு' என்கிற முடிவு பல பதிவுகளில் காணாமல் போனது. எனக்கு அதுதான் வருத்தம். ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு, ஒருத்தரும் அடிக்கவில்லை, அவனுக்குத் தம்பி வேண்டுமாம் என்று தாய் தன் ஆசையைக் குழந்தை மேல் போட்டுச் சொல்லும் இடம் அது.

பிறகு கேசட் காலம் வந்து 60 நிமிடமும் 90 நிமிடமும் கிடைத்தன. அப்போது நீளம் திரும்பியது, ஆனால் தூளியின் வேகம் திரும்பவில்லை, தபேலா வந்துவிட்டது.

கேட்ட பதிவுகளில் எதை முதலில் வைப்பீர்கள்?

பாடுபவர் மூச்சு வாங்குகிற இடம் கேட்க வேண்டும், அப்படிப்பட்டதை. எலெக்ட்ரானிக் சத்தத்தோடு சமீபத்தில் வந்தவை எனக்கு ஒட்டவில்லை, ஆனால் என் மகள் அதில் ஒன்றைக் கேட்டுத்தான் தூங்குகிறாள். மேடைக்காரர்களில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதிபோலக் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்துவிட்டுப் பாடியவர்கள் மேல் மரியாதை அதிகம். 2018இல் விஜயலட்சுமி அவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது இங்கே பழைய கேசட்டுகளைத் தேடி எடுத்துப் போட்டுக் கேட்டோம்.

வெளிநாட்டில் இந்த மாதிரித் தேடலை எப்படிச் செய்கிறார்கள்?

ஆங்கில நாட்டுப்பாடல்களுக்கு ரௌட் எண் என்று ஒரு வரிசை உண்டு. ஒரு பாட்டின் எல்லா வடிவங்களுக்கும் ஒரே எண், அந்த எண்ணைப் பிடித்தால் யார் எங்கே பாடினார் என்ற பட்டியல் வரும். தமிழில் நாமே நோட்டுப் போட்டால்தான் உண்டு. நான் மாமன்–அத்தைக் கண்ணிக்கு ஒரு எண், 'ஆரும் அடிக்கவில்லை' கண்ணிக்கு ஒரு எண் என்று கண்ணிக்குக் கண்ணி எண் வைத்திருக்கிறேன். முழுப்பாட்டுக்கு எண் கொடுத்தால் நம் தாலாட்டு அதில் நிற்காது, அவிழ்ந்து ஓடிவிடும்.

நான் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டிலிருந்து. 'பாடுங்க' என்று சொன்னால் யாரும் பாட மாட்டார்கள், 'எனக்கு என்ன கண்ணு தெரியும்' என்பார்கள். வீட்டில் ஒரு கைக்குழந்தை வரும் நாளுக்குக் காத்திருங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு வரியைத் தப்பாகப் பாடுங்கள். திருத்துவதற்காக நிச்சயம் வாயைத் திறப்பார்கள். எனக்குக் கிடைத்ததில் பாதி இந்த வழியில் கிடைத்தது.

போனில் பதிவு செய்யும்போது விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அம்மாயி முழுதாகப் பாடிய ஒரே தடவை, 'ஆரும் அடிக்கவில்லை' என்ற இடத்தில் எனக்கு ஒரு லோன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பதிவு அங்கேயே நின்றது. அடுத்த தையில் அவர் இல்லை. மேலே நான் எழுதியிருப்பதில் கடைசி இரண்டு வரி என் அம்மாவின் நினைவிலிருந்து வந்தவை.

அப்புறம் முக்கியமான ஒன்று. பாடியவர் இருக்கும் ஊரை எழுதினால் போதாது. எந்த ஊரில் பிறந்தார், எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனார், இந்தப் பாட்டை யார் பாடிக் கேட்டார் என்று மூன்றையும் கேளுங்கள். பெண்கள் பாட்டைப் பிறந்த வீட்டில் கற்று, புகுந்த வீட்டில் பாடுகிறார்கள். சேலம் அம்மாபேட்டையில் நான் கேட்ட நான்கு வடிவத்தில் ஒன்றுகூட அம்மாபேட்டையில் பிறந்தது இல்லை. ராசிபுரம், ஆத்தூர், இடைப்பாடி, திருச்செங்கோடு. பிறந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டபோது அது பாட்டின் வரைபடமாகத் தெரியவில்லை, நாலைந்து தலைமுறையின் சம்பந்தப் பேச்சாகத்தான் தெரிந்தது.

பழைய புத்தகம், இசைத்தட்டு எல்லாம் எங்கே பார்க்கலாம்?

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் அங்கே இருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் போய்ப் பார்க்க வேண்டிய இடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே திறக்கலாம். தேடும்போது 'அடிச்சாரைச் சொல்லி' என்றும் 'அடித்தாரைச் சொல்லி' என்றும் இரண்டு விதமாகத் தேடுங்கள். பதிப்பித்தவர்கள் பலர் பேச்சு வழக்கை இலக்கண வழக்காகத் திருத்திவிட்டார்கள்.

நான் இதைப் பாடி வெளியிடலாமா? காப்புரிமை?

பாடலாம். மரபுவழி வரிக்கும் மெட்டுக்கும் சொந்தக்காரர் இல்லை. ஆனால் ஒருவர் இதற்குப் புதிதாக இசை அமைத்திருந்தால் அந்த அமைப்பு அவருடையது. இன்னொருவர் பதிவிலிருந்து துண்டு வெட்டி ஒட்டக் கூடாது. 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருடம், எழுதியவர் உரிமை அவர் காலத்துக்குப் பிறகு 60 வருடம். பாடிய கலைஞருக்கும் தனியாக 50 வருட உரிமை உண்டு, களத்தில் பதிவு செய்யும் நாம் இதை மறந்துவிடுகிறோம். 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு, உரிமை உள்ள பாட்டை ஐந்து வருடம் கழித்துக் கவர் செய்யும், அதாவது வேறொருவர் பாடிப் புதிதாகப் பதிவு செய்யும், வழியைச் சொல்கிறது. வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு முன்பணம் கட்ட வேண்டும். மரபுப் பாட்டுக்கு அந்த வேலை இல்லை.

இருந்தாலும் தலைவலி வரும். ஓர் அம்மா வாசலில் பாடியதை அவர் சம்மதத்தோடு இணையத்தில் போட்டேன். மூன்றே நாளில் ஓர் இசை நிறுவனத்தின் பெயரில் தானியங்கி உரிமைக் கோரல் வந்தது. அவர்கள் வெளியிட்ட தாலாட்டோடு வரி ஒத்துப்போகிறதாம். மறுப்பு எழுதி, பாட்டு மரபு என்று விளக்கி, ஒரு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். நீங்கள் வெளியிட்டால் 'பாடல்: மரபு' என்று போடுங்கள். யாரிடம் கேட்டீர்களோ, அவர் சம்மதித்தால் அவர் பெயரும் ஊரும் போடுங்கள். 'பாடல்' என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள், அடுத்த தலைமுறையில் யாரோ ஒருவர் நீங்கள்தான் எழுதியது என்று நம்பி அலைவார்.

வரியை மாற்றிப் பாடலாமா?

எல்லோரும் மாற்றித்தான் பாடியிருக்கிறார்கள். மோனையை மட்டும் கெடுக்காதீர்கள்.

என் அத்தையே இந்தப் பாட்டைப் பாடுவார். அவர் அந்த வரியில் என்ன செய்வார்?

உங்கள் அத்தையைக் கேட்டுச் சொல்லுங்கள். என் அத்தை செய்தது எனக்கு நினைவிருக்கிறது. தம்பி கைக்குழந்தை, எனக்கு ஏழு வயது. ஆடி நோன்புக்கு வந்தவர் தூளியைப் பிடித்துக்கொண்டு பாடினார். மாமன் மல்லிகைச் செண்டால் அடித்து முடித்ததும் ஒரு நொடி நிறுத்தினார். பிறகு கொஞ்சம் சத்தமாகவே,

அம்மா அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே

என்றார். சமையற்கட்டில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.